அன்னையும் அவையும்

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் பெரியோர் கூடிய இடத்தில் வழக்கமாகப் பேசப்படுவதன்று. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் முதன்முதலாக ஒருவர்பால் விருப்பம் தோன்றுகிறதே, அதையும், அது தோன்றிய கணத்திலேயே அப்பிள்ளையைப் பற்றிக்கொள்ளும் கூச்சத்தையும் பற்றிச் சிறிது ஆராயப் புகுகின்றோம். இதைப் பேசுவதற்கு நமக்குள்ள தகுதி யாதெனில், இதில் நாம் செய்த ஒரு பிழைதான். அதை முதலிலேயே கூறிவிடுதல் நலம்.

நம் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தான். கோவிலுக்கு வா என்றால் வயிற்றுவலி என்பான். வந்தாலும், செருப்புக்குக் காவல் என்று சொல்லி வெளியிலேயே நின்றுவிடுவான். அத்தகையவன் ஆவணி மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் யாரும் சொல்லாமலே குளித்து, தலையை நீர் சொட்டச் சொட்ட வாரிக்கொண்டு, "அம்மா, மலை மந்திருக்குப் போகவில்லையா?" என்று கேட்கலானான். டில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதர் திருக்கோவிலையே இந்நகரத்துத் தமிழர் மலை மந்திர் என்று வழங்குகின்றனர். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்தோம். அவன் தாய் நம்மினும் கூர்மையானவள். அங்கே கூடித் திருப்புகழ் பாடும் பிள்ளைகளுள் ஒரு சிறுமி படியேறி வந்தால் இவன் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறான் என்பதையும், அவள் பிராகாரத்தைச் சுற்ற வந்தால் இவன் பிரசாத வரிசையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் அவள் கண்டுவைத்திருந்தாள். காண்பதற்கென்றே போகிறவன் கண்டவுடன் ஒளிந்துகொள்கிறான்! அவள் இதை நம்மிடம் சொல்லி, "நீங்கள் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள்" என்றும் எச்சரித்தாள்.

நவராத்திரி வந்தது. கொலுப் பார்க்க அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. கூடம் நிறைய ஆட்கள். பேச்சு பிள்ளைகளின் பக்தியைப் பற்றித் திரும்பியது. வாய் சும்மா இருக்கவில்லை. "நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்திருப்பது முருகன்மேல் பக்தியா, திருப்புகழ்மேல் பக்தியா என்றுதான் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டோம். எல்லாரும் சிரித்தனர். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவன் கையிலிருந்த சுண்டல் தொன்னையைக் கொலுப்படியின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். மறுநாட் காலை, பால் வேண்டுமா என்று தமிழிற் கேட்டதற்கு இந்தியில் விடை வந்தது. அன்று தொடங்கி ஏழு வாரம் அவன் நம்முடன் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை. கோவிலுக்கும் போகவில்லை.

மைய அரசின் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசென்று பிழைப்பவர் நாம். வீட்டில் ஒரு மொழி திடீரென்று அடைபட்டுப் போனது நமக்குப் பெருந் தண்டனையாகவே இருந்தது. தொழில் வாசனையால் நாம் முதலிற் செய்த காரியம் இவனுக்கு நேர்ந்திருப்பதற்குப் பெயர் யாது என்று தேடியதே. பிள்ளைகள் தமக்குள் இதைக் 'கிரஷ்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லின் நேர்ப்பொருள் நசுக்குதல் என்பதாம். இதைத் தமிழில் எழுத நம் மேசைக்கு ஒரு கோப்பு வந்தால் யாது செய்வோம்? 'காதல்' என்று எழுதலாகாது. காதல் பெரிய சொல். அதைக் கேட்டவுடன் தமிழ்ப் பெற்றோருக்குக் கல்யாணம், சாதி, ஓட்டம், போலீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வரும். 'ஈர்ப்பு' என்றால் பூமிக்கும் பொருந்தும், காந்தத்திற்கும் பொருந்தும். 'மையல்' பாட்டிற்கு ஏற்றது. 'சைட்டு' என்னும் தெருச்சொல்லை நாம் வீட்டிற்குள் விடுவதில்லை. இந்தியில் இவன் தோழர்கள் சொல்வதும் 'பெஹலா ப்யார்', அதாவது முதல் காதல் என்பதே. அதுவும் பெரிய சொல்தான். ஆங்கிலத்திலேயே அறிஞருக்குச் சொற்பஞ்சம் இருந்திருக்கிறது. டாரதி டென்னவ் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஒருவரையே இடைவிடாது நினைத்துக்கொண்டிருக்கும் நிலையை ஆராய்ந்தபோது, இருக்கிற சொல் எதுவும் போதாமல், 'லிமரென்ஸ்' என்று ஒரு சொல்லைத் தாமே படைத்துக்கொண்டு 1979-இல் நூல் எழுதினார். அச்சொல்லுக்கு எந்த வேரும் இல்லை.

தமிழுக்கு அந்தப் பஞ்சம் இல்லை என்பது சற்றுத் தாமதமாகவே நம் நினைவுக்கு வந்தது. கல்லூரியிற் படித்த தொல்காப்பியம் கை கொடுத்தது. அகத்திணைகள் ஏழு என்று வகுத்த அந்நூல், ஒத்த அன்புடைய ஐந்திணையை நடுவில் வைத்து, கைக்கிளையை அதற்கு முன்னும் பெருந்திணையைப் பின்னும் வைத்திருக்கிறது. கைக்கிளை என்பது ஒருபக்க விருப்பம். மறுபுறத்திலிருந்து விடை வராது. விடை வராதபோதும் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி மகிழ்வதே அதன் இலக்கணம். நம் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரை எழுதி, எழுதியதை மையால் மூடி, மூடியதன்மேல் மீண்டும் எழுதுகிறார்களே, அது இதன்றி வேறு யாது? பண்டைத் தமிழர் இதை இழிவான நோயென்று தள்ளவில்லை. ஐந்திணையின் உயர்வு இதற்கில்லை என்றனரே யன்றி, வரிசையில் இதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கின்றனர்.

இலக்கணத்தைவிட இலக்கியம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் அச்சிட்டுத் தந்த புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டுகள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர் பாடியவை. மூன்றும் கைக்கிளைத் திணை. அவர் உள்ளங் கவர்ந்தவன் சோழர் குடியினனான போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றவன். 85-ஆம் பாட்டின் செய்தி இது. போர் நடக்கிறது, வென்றான் என்கின்றனர் சிலர், வெல்லவில்லை என்கின்றனர் சிலர். இவரோ சிலம்பொலிக்க ஓடிச் சென்று, தம் வீட்டுப் பனைமரத்தை ஒட்டி நின்றுகொண்டு அவன் வெற்றியைத் தம் கண்ணாலே பார்த்துவிடுகிறார். நம் மகனுக்குத் தூண், நக்கண்ணையாருக்குப் பனைமரம். 84-இல் இன்னொரு முறையீடு. அவன் எளிய உணவை உண்டும் பெருந்தோளனாக இருக்கிறான். பக்கத்துச் சுவருக்கு இப்பால் இருந்தும் தாம் பசலை படர்ந்து வாடுகின்றார். அவனுக்கோ ஒன்றும் தெரியாது. விரும்பப்படுகிறவர் ஒன்றும் அறியாமல் நன்றாக உண்டு உறங்குவதைக் காட்டிலும் எரிச்சல் தருவது இந்த வயதில் வேறொன்றில்லை.

ஆயினும் நம்மைத் தைத்தது 83-ஆம் பாட்டே. அதில் அவர் தம் நிலையைச் சொல்லும்போது இரண்டு அச்சங்களைச் சொல்கிறார். உடல் மெலிந்து வளை கழன்றால் தாய் அறிந்துவிடுவாளே என்று தாயிடம் அச்சம். அவனைத் தழுவினால் அவையில் உள்ளோர் காண்பரே என்று அவையிடம் நாணம். அந்த மல்லனைக் கண்டு அவர் அஞ்சவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்னையும் அவையுமே அவரை இருபுறமும் பிடித்து நடுங்கச் செய்கின்றன. இதைப் படித்தபோது கொலுக்கூடம் நம் கண்முன் வந்து நின்றது. அன்று நாம் அன்னையின் இடத்திலிருந்து பேசினோம். பேசிய இடம் அவை. பிள்ளைக்கு ஒதுங்குவதற்கு ஒரு பனைமரத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை.

இனி, இக்கூச்சம் உடம்பில் எவ்வாறு எழுகிறது என்பதையும் சிறிது அறிந்துகொள்ளலாம். மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் அடங்கியிருந்து, ஒரு பருவத்தில் அது விழித்துக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அதன் ஆணையால் உடலெங்கும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. பெண்பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் 8 முதல் 13 வயதிற்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதிற்குள்ளும் தொடங்கும். உடல் வளர்ச்சி ஒரே சீராக நிகழ்வதில்லை. கையும் காலும் முந்திக்கொள்ளும். குரல்வளை பெருத்து, குரல் நாண்கள் நீளுவதால் ஆண்பிள்ளையின் குரல் நடுவிலே உடையும். அதுவும் 'நமஸ்தே ஆன்ட்டி' என்று அந்தப் பெண்ணின் தாய்க்குச் சொல்ல வேண்டிய நேரம் பார்த்து உடையும். விரும்பியவர் எதிரில் வந்தால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புலியைக் கண்டால் உடல் எவ்வாறு ஓடத் தயாராகுமோ அவ்வாறே இங்கும் தயாராகிறது. ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது என்பதே வேறுபாடு. உணர்ச்சி இவ்வாறு முந்தி எழ, அதை நிதானித்து ஆளவேண்டிய முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டேயிருக்கிறது.

முகம் சிவப்பதைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1872-இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயமே எழுதியுள்ளார். உணர்ச்சிக் குறிகள் யாவற்றுள்ளும் மனிதருக்கே உரிய குறி இது என்பது அவர் கருத்து. பிறர் நம்மைப் பற்றி யாது நினைக்கிறார்கள் என்ற எண்ணமே முகத்திற் குருதியைப் பாய்ச்சுகிறது என்றும், முதியோரினும் இளையோரே மிகுதியாக முகஞ் சிவக்கின்றனர் என்றும் அவர் கண்டார். நம்மவர் நிறத்திற்கு அந்தச் சிவப்பு வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. உள்ளே சுடுவது மட்டும் குறைவதில்லை.

பிறர் என்ன நினைப்பார்கள் என்னும் இந்த எண்ணத்தை 1967-இல் டேவிட் எல்கைண்டு என்னும் அமெரிக்க உளவியலாளர் விரிவாக ஆராய்ந்தார். வளரிளம் பருவத்தினர் தம்மைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் அமர்ந்து தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் 'கற்பனை அவை' என்றே சொல்லலாம். நக்கண்ணையாரின் அவை இங்கும் வந்துவிட்டது! முகத்தில் ஒரு பரு தோன்றினால் ஊரே அந்தப் பருவைப் பார்ப்பதாகப் பிள்ளை நம்புகிறான். அதே கட்டுரையில் எல்கைண்டு இன்னொன்றும் கூறினார். தன் உணர்ச்சியைப் போல் உலகில் யாரும் உணர்ந்ததில்லை, அது யாருக்கும் விளங்காது என்றும் அப்பருவத்தினர் எண்ணுவராம். எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் தன்னைத் தெரியவில்லை என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே நம்பிக்கொண்டு பள்ளிப் பேருந்தில் ஏறுவது எளிதன்று.

இந்த அவை பெரும்பாலும் கற்பனையே என்பதற்கும் சான்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் ஆராய்ந்தோரும் ஒரு சோதனை செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கல்லூரி மாணவர் ஒருவருக்கு, அணிய வெட்கப்படத்தக்க ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, மற்ற மாணவர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். அதைக் கவனித்தவர் எத்தனை பேர் இருப்பர் என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டனர். உண்மையிற் கவனித்தவர் நாலில் ஒரு பங்கினரே. மற்றவரெல்லாம் தத்தம் பனியனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனர் போலும்.

ஆனால் நேயர்களே, டில்லித் தமிழ்ப் பிள்ளையின் நிலைமை இச்சோதனையினின்றும் சற்று வேறுபட்டது. அவனுடைய அவை முழுவதும் கற்பனையன்று. இதைச் சொல்லச் சிறிது பழங்கதை பேசவேண்டும். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டது. புது டில்லி 1931-இல் திறந்துவைக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலேயே தென்னாட்டு எழுத்தர்களும் கணக்கர்களும் இங்கே குடியேறத் தொடங்கினர். அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்காக 1923-இல் 'மதராஸி' என்னும் பெயருடன் தொடங்கிய கல்விச் சங்கமே பின்னர் டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946-இல் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கரோல்பாக்கில் ஒரு தலைமுறை, இராமகிருஷ்ணபுரத்திலும் ஜனக்புரியிலும் மறு தலைமுறை, யமுனைக்கு அப்பால் மயூர் விஹாரில் இன்னொரு தலைமுறை என்று நம்மவர் பரவினர். பரவினாலும் பள்ளி, கோவில், சங்கம், கல்யாணப் பந்தி என்று சுற்றிச் சுற்றி அதே முகங்களே சந்திக்கின்றன. ஊர் பெரியது, அவை சிறியது. பிள்ளை விரும்பும் பெண்ணின் தாயும், வகுப்பாசிரியையும், கொலுவுக்கு வந்த மாமியும், நம் அலுவலகத்து நண்பரின் துணைவியாரும் ஒரே வரிசையில் நின்று பிரசாதம் வாங்குகிறார்கள். நக்கண்ணையாருக்கு அன்னை வேறு, அவை வேறு. இங்கே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பம்பாய் மாதுங்காவிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கும் இது புதிதாக இராது.

மற்றொன்று மொழியைப் பற்றியது. இதைச் சொல்ல நமக்கே வெட்கமாயிருக்கிறது. ஏழு வாரம் மகன் தமிழில் பேசவில்லை என்று நொந்துகொண்டோமே, அதற்கு முன் அவன் தமிழில் யாது பேசினான் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். நாம் அவனுக்குக் கொடுத்திருந்த தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைமுற்றுகளாகவே இருந்தது. எழு, குளி, சாப்பிடு, படி, விளக்கை அணை, படு. அவன் சொல்லவேண்டியவை சரி, வேண்டாம், அப்புறம் என்னும் மூன்று. உள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லையும் நாம் அவனிடம் வீட்டில் புழங்கவில்லை. ஊரிலே வளரும் பிள்ளைக்குத் திண்ணை உண்டு, அத்தையும் மாமனும் உண்டு, கேலி செய்யும் முறைப்பெண்ணும் உண்டு. அங்கே அச்சொற்கள் காற்றிலே வந்து சேரும். இரண்டறைக் குடியிருப்பில் தமிழ் என்பது பெற்றோரின் ஆணைக்குரல் மட்டுமே ஆகிவிடுகிறது. அவமானப்பட்ட பிள்ளை ஆணை மொழியை விட்டு, தோழர்களின் மொழிக்கு ஓடியதில் வியப்பென்ன?

பனைமரத்தின் இடத்தில் இன்று கைப்பேசி இருப்பதையும் மறக்கலாகாது. அதன் பின்னால் மறைந்து நின்று ஒருவரின் படங்களை மணிக்கணக்காகப் பார்க்கலாம். அனுப்பிய செய்தியை மறுபுறத்தவர் படித்துவிட்டார் என்று காட்டும் நீலக் குறியை வாட்ஸப் நிறுவனத்தார் 2014-இல் கொண்டுவந்தனர். முன்பெல்லாம் விடை வராவிட்டால் கடிதம் சேரவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது கைக்கிளைக்கு முத்திரையிட்ட சான்று உடனே கிடைத்துவிடுகிறது. அதனினும் கொடியது, ஒருவர் நம்பி எழுதிய நாலு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு முழுவதற்கும் அனுப்பும் பழக்கம். கற்பனை அவையை மெய்யான அவையாக்க இப்போது ஒரு விரல் போதும். பிறருடைய அந்தரங்கத்தை இவ்வாறு பரப்பலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் கைப்பேசி வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கைக்கிளையைப் பற்றிப் பேசும்போது பெருந்திணையையும் ஒரு சொல் பேசியே ஆகவேண்டும். விடை வராதபோது உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வாடுவது கைக்கிளை. விடை தா என்று வற்புறுத்துவது வேறு. பனைமட்டையாற் செய்த குதிரையில் ஊரறிய ஏறி, பெண்வீட்டாரைப் பழிக்கு அஞ்சி இணங்கச் செய்யும் மடலேற்றத்தைத் தொல்காப்பியம் பெருந்திணையிலேயே சேர்த்தது. நம் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாக இந்த வேறுபாட்டைக் குழப்பிவிட்டன. மறுத்த பெண்ணைப் பின்தொடர்ந்துகொண்டேயிருந்தால் கடைசியில் இசைந்துவிடுவாள் என்று அவை கற்பித்தன. 2013-இல் திருத்தப்பட்ட குற்றச் சட்டம், விருப்பமின்மையைத் தெரிவித்த பெண்ணை மீண்டும் மீண்டும் பின்தொடர்வதைக் குற்றமாக்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் அது 78-ஆம் பிரிவாக உள்ளது. அன்றியும், 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் 18 வயது நிரம்பாதவர் யாவரையும் குழந்தையாகவே கொள்கிறது. அவர்தம் இசைவு சட்டத்தின்முன் செல்லாது. அந்த வயதைக் குறைக்கலாமா என்னும் வினாவுக்குச் சட்ட ஆணையம் 2023-இல் தந்த 283-ஆம் அறிக்கையில் வேண்டாம் என்றே கூறிற்று. தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்குச் சட்டத்தின் அச்சம் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் விடை கூறக் கடமைப்பட்டவளல்லள் என்பதை ஆண்பிள்ளைக்கும், அதுபோலவே பெண்பிள்ளைக்கும், வீட்டிலே யாரேனும் சொல்லித்தான் ஆகவேண்டும். திரைப்படம் சொல்லாது.

நம் வீட்டில் அடைப்பு எவ்வாறு திறந்தது என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்கலாமென்று நாம் இருமுறை முயன்று, இருமுறையும் உபதேசத்தில் முடித்தோம். அது பயன்படவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, மூடுபனியில் பால் வாங்க மதர் டெய்ரி சாவடியில் வரிசையில் நின்றோம். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு உடன் வந்திருந்தான். எதிர்த்து உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்திற் பக்கம் நின்றுகொண்டு வேறெங்கோ பார்த்தபடி பேசுவது இத்தகைய பேச்சுக்கு எளிது என்பதை அன்று கண்டுகொண்டோம். கும்பகோணத்தில் நமக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது, பொது நூலகத்திற்கு வரும் ஒரு பெண்ணிடம் பேசவேண்டுமென்று மூன்று மாதம் திட்டமிட்டு, கடைசியில் "மணி என்ன?" என்று கேட்டதையும், கேட்ட கையிலேயே பெரிய கைக்கடிகாரம் கட்டியிருந்ததையும் அவனுக்குச் சொன்னோம். அவள் நம் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன்பின் அந்த நூலகத்திற்கு ஓராண்டு நாம் போகவில்லை. அவன் சிரிக்கவில்லை. சாவடிக்காரர் பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோது, "எத்தனை மணியாம்?" என்று கேட்டான். தமிழில்தான் கேட்டான். கொலுவன்று பேசியது தவறு என்று அப்போது சொன்னோம். "எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்" என்றான். நாம் சொன்ன பொருளைக் குறித்து அவனுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. சொன்ன இடத்தைக் குறித்தே வருத்தம்.

இதிலிருந்து நாம் வீட்டில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். பிள்ளையின் கைப்பேசியையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் அவன் இல்லாதபோது புரட்டுவதில்லை. அவன் தாயிடம் சொன்னது நம்மிடம் வரவேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டோம். இது நமக்குத்தான் கடினமாக இருக்கிறது. 'காதல்' என்னும் பெரிய சொல்லை நாமாக எடுப்பதில்லை. பிடித்திருக்கிறது, கூச்சமாயிருக்கிறது, மனசு சரியில்லை என்று சிறு சொற்களை நாமே முதலில் நம்மைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். அலுவலகத்தில் மேலதிகாரி பலர் முன்னிலையில் நம் மொழிபெயர்ப்பைக் குறை கூறியபோது கூச்சமாயிருந்தது என்று இரவு உணவின்போது சொன்னால், பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான். ஒருவேளை உங்கள் பிள்ளை பல நாள் உண்ணாமல் உறங்காமல் இருந்தாலோ, உயிர்மேல் வெறுப்பாகப் பேசினாலோ அது கூச்சத்தின் எல்லையைக் கடந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். 2022-இல் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். எந்த மாநிலத்திலிருந்தும் தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லலாம்.

இந்தப் பேச்சை எழுதி முடித்ததும் அதை அவனிடமே படிக்கக் கொடுத்தோம். அவன் ஒப்பாமல் இதை வெளியே சொல்வது இரண்டாம் முறை கொலுக்கூடத்திற் பேசுவதாகும் அன்றோ? தமிழ் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பான். அரைமணி நேரம் எடுத்துக்கொண்டான். இரண்டு வரிகளை அடித்தான். அந்தச் சிறுமி பாடியது வேறு; திருப்புகழ் என்று மாற்றியவன் அவனே. கோவிலின் பெயர் இருக்கட்டும், அங்கே ஆயிரம் பேர் வருகிறார்கள் என்றான். பிறகு, "இந்த நக்கண்ணை அவனோடு பேசினாளா, இல்லையா?" என்று கேட்டான். பாட்டில் அது இல்லை என்றோம்.

"அவள் அம்மாவுக்குத் தெரிந்ததா?"

அதுவும் இல்லை என்றோம்.

"தெரிந்திருக்கும். மூன்று பாட்டு எழுதியிருக்கிறாளே" என்று சொல்லிவிட்டு, தாளை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனான்.